மண்ணெண்ணெய் குடித்த இயந்திரம்

கற்பிட்டிக் கரையிலே வைகறைப் பொழுதில் நிற்பவர்க்கு முதலில் எட்டுவது அலையோசையன்று. படகின் பின்னணியத்தில் மாட்டிய வெளியிணைப்பு இயந்திரத்தின் ஓசையே. அது சீராக வரும்வரை எவரும் பொருட்படுத்துவதில்லை. இடையிடையே தடுக்கி, மூச்சுத் திணறி வருமாயின், வலை பொத்திக்கொண்டிருக்கும் முதியவரும் தலை நிமிர்ந்து பார்ப்பார். அந்தத் திணறலுக்கு ஒரு வரலாறு உண்டு, நேயர்களே.

நோர்வேயில் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் 1909ஆம் ஆண்டு இவ்வகை இயந்திரத்தைச் செய்து பெயர் பெற்றார். ஏரியிலே துடுப்பு வலித்து வருவதற்குள், வாங்கிவந்த ஐஸ்கிறீம் உருகிவிட்டதனால் அவருக்கு அந்த எண்ணம் பிறந்தது என்பர். மெய்யோ பொய்யோ, நன்னீர் ஏரியின் உல்லாசத்துக்குப் பிறந்த பொருள் புத்தளத்து உப்புக் கடலிலே பிழைப்புக்கு வந்து சேர்ந்தது.

அதற்குமுன் இக்கரையினர் காற்றை நம்பியே பாய் விரித்தனர். 1958ஆம் ஆண்டு கடற்றொழில் திணைக்களம் படகுகளை இயந்திரமயமாக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, இருபத்தெட்டு அடிப் படகுகளின் உள்ளே டீசல் இயந்திரங்கள் பொருத்தப்பட்டன. அவற்றை வாங்க எல்லாராலும் இயலவில்லை. சிறு தோணிகளுக்கும், பின்வந்த கண்ணாடியிழைப் படகுகளுக்கும் கைகொடுத்தது வெளியிணைப்பு இயந்திரமே. பருவத்துக்குக் கற்பிட்டிக்கும் பத்தலங்குண்டுக்கும் பெயர்ந்து வாடி அமைப்போர்க்கு, கழற்றித் தோளில் சுமந்து செல்லக்கூடிய இயந்திரம் எத்துணை வசதி!

ஆனால் பெற்றோல் விலை கூடியது. ஏழைகளின் விளக்குக்காக மலிவாக விற்ற மண்ணெண்ணெயோ கைக்கு எட்டியது. ஆதலின் அதனை எரிக்கவல்ல, அமுக்கம் குறைந்த இயந்திரங்கள் இங்கே பெருகின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே முதலிற் பெற்றோலில் கிளப்பி, இயந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்குத் திரும்பவேண்டும். அந்தச் சிறிது பெற்றோலையும் மிச்சம் பிடிக்க முனைவதே பல பழைய இயந்திரங்களின் நோய்க்குக் காரணம். முழுதும் எரியாத எண்ணெய் கரியாகி, தீப்பொறி தரும் பிளக்கின் முனையில் படியும். இரண்டு சிலிண்டர்களில் ஒன்று ஊமையாகும். மற்றொன்று தனித்து இழுக்கும்.

இதை அறிய வழி எளிது. இயந்திரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, இரண்டு பிளக்குகளையும் கழற்றிப் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்க்கவேண்டும். உலர்ந்து மண்ணிறமாய் இருப்பது உழைத்தது. கறுத்து நனைந்திருப்பது உழைக்காதது. இரண்டும் நன்றாயின், குற்றம் எண்ணெய் வரும் வழியில் இருக்கலாம். கலனின் அடியில் தண்ணீர் தங்கியுள்ளதா, குழாயின் வெடிப்பால் காற்றுப் புகுகிறதா என்று நோக்கவேண்டும். ஓடும்போது குழாயிலுள்ள இறப்பர்க் குமிழைக் கையால் அமுக்க ஓட்டம் சீராகுமானால், எண்ணெய் போதிய அளவு வந்து சேரவில்லை என்பது தெளிவு. மெதுவாக ஓடும்போது மட்டும் திணறினால் காபரேட்டரின் நுண்துளையைச் சுத்தம் செய்தல் வேண்டும். இவற்றை விடுத்து, முதலிலேயே எல்லாத் திருகாணிகளையும் முறுக்கிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து இயந்திரத்தைக் காப்பதே பெரும்பாடு.

விளக்குக்கு வந்த எண்ணெயைப் படகு குடித்ததனால், விளக்கின் விலை படகின் விலையுமாயிற்று. 2012 பெப்ரவரியில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 35 ரூபாய் ஏறியது. சிலாபத்தில் கடற்றொழிலாளர் வீதிக்கு இறங்கினர். பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் உயிரிழந்தார். பத்தாண்டுகளுக்குப்பின், 2022இன் நெருக்கடியில், மண்ணெண்ணெய் கிடையாமையால் பழுதில்லாத இயந்திரங்களும் கரையிற் கிடந்தன. அவ்வாண்டு ஆகஸ்டிலே லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாயிற்று.