மேலதிகப்பற்றும் நெல்மூடையும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் வட்டியுயர்வின் சுமை

மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையில் விளையும் நெல், எழுவான்கரைக் கடைத்தெருக்களுக்கும் அப்பாலுள்ள நகரங்களுக்கும் அரிசியாகப் போய்ச் சேருமுன், வயற்காரர், தரகர், ஆலைக்காரர், மொத்த வியாபாரி என்று பல கைகளைக் கடக்கின்றது; அக்கைகள் யாவற்றையும் ஒன்றோடொன்று பிணைத்து நிற்பது கடனேயாகும். அக்கடனுக்குத் தலைமடையாக இருப்பது ஆலைக்காரரும் வியாபாரியும் தம் நடைமுறைக் கணக்கின்மீது வங்கியிடம் பெறும் மேலதிகப்பற்று. அதன் வட்டி உயரும்போது சுமையை யார் தாங்குகிறார் என்ற வினாவுக்கு, எவருடைய கணக்கில் வட்டி எழுதப்படுகின்றதோ அவரே என்று விடைகூறி அமைவது வழக்கம். வங்கிக் கணக்கே இல்லாத, நெல்லை வைத்துக்கொண்டு காத்திருக்க வகையற்ற சிறு விவசாயியிடமே அச்சுமையின் பெரும்பகுதி வந்து இறங்குகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

மேலதிகப்பற்றின் இயல்பை முதலில் நோக்குவோம். தவணைக் கடனில் தொகையும் காலமும் முன்பே வரையறுக்கப்பட்டிருக்க, இதில் வியாபாரி தனக்கு அனுமதித்த எல்லைவரை வேண்டும்போது எடுத்து, விற்றுமுதல் வந்தபோது செலுத்துகிறார். வட்டி நாளாந்த நிலுவையின்மேல் கணிக்கப்பட்டு மாதந்தோறும் கணக்கிலேயே பற்றெழுதப்படுவதால், செலுத்தப்படாத வட்டியும் அடுத்த மாதம் முதலாகி வட்டி ஈனுகின்றது. ஆண்டுக்கு 30 சதவீதம் என்று சொல்லப்படுவது இவ்வகையில் ஏறத்தாழ 34.5 சதவீதமாக முடியும். கேட்டவுடன் செலுத்தவேண்டிய கடனாகவும், வீதம் மாறக்கூடிய கடனாகவும் இருப்பதால் மத்திய வங்கியின் தீர்மானம் மிக விரைவாக எட்டுவதும் இதனையே. இத்தகைய கடன் நம் நாட்டவருக்கு நேரே கிடைக்கத் தொடங்கியதும் வெகுகாலத்திற்கு முன்பன்று. பிரித்தானிய வங்கிகள் உள்நாட்டாருக்குக் கடன் கொடுக்கத் தயங்கிய காலத்தில் அவற்றிடம் பணம் பெற்றுக் கைமாற்றி உதவியவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். 1934ஆம் ஆண்டில் சேர் சொராப்ஜி பொச்கானவாலா தலைமையில் அமைந்த வங்கியியல் ஆணைக்குழுவிற்குப் பின்னரே, 1939இல் இலங்கை வங்கி தோன்றிற்று. இடையில் நின்றவர்கள் மாறினார்கள். பணம் படிப்படியாக இறங்கி வயலை அடையும் முறையும், ஒவ்வொரு படியிலும் தன் வட்டியைச் சேர்த்துக்கொள்ளும் முறையும் மாறவில்லை.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆந் திகதி இலங்கை மத்திய வங்கி தன் துணைநில் கடன்வழங்கல் வசதி வீதத்தை ஒரே நாளில் 7.5 சதவீதத்திலிருந்து 14.5 சதவீதமாக உயர்த்திற்று. அவ்வாண்டு யூலையில் அது 15.5 ஆகி, 2023 மார்ச்சில் 16.5 ஆயிற்று. வங்கிகள் தம் மிகச் சிறந்த வாடிக்கையாளரிடமிருந்து அறவிடும் சராசரி முதன்மைக் கடன்வழங்கல் வீதம், 2021 இறுதியில் 9 சதவீதத்திற்கும் குறைந்திருந்தது, 2022 இறுதியில் 27 சதவீதத்தைக் கடந்தது. மட்டக்களப்பில் ஓர் ஆலைக்காரர் அத்தகைய முதன்மை வாடிக்கையாளராக எண்ணப்படுவது அபூர்வம். ஆகவே அவர் செலுத்தியது அதற்கும் மேற்பட்டதே.

கணக்கை எளிதாக்கும் பொருட்டு, ஒரு கிலோ நெல் 100 ரூபா என்றும், ஆலைக்காரர் 10 இலட்சம் ரூபா மேலதிகப்பற்று எடுத்து 10,000 கிலோ வாங்கி, குற்றி விற்றுப் பணம் திரும்ப 90 நாள் செல்கின்றது என்றும் கொள்வோம். வட்டி 12 சதவீதமாயின் அந்நாட்களுக்கு 29,589 ரூபா. 30 சதவீதமாயின் 73,973 ரூபா. வேறுபாடு கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய நாலரை ரூபா. இதனை அரிசி விலையில் ஏற்றிவிடலாமே எனின், 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாயிருந்த நாட்டில், ஏற்கெனவே ஒருவேளை உணவைக் குறைத்துக்கொண்ட குடும்பங்களிடம் அது முற்றாகச் செல்லாது. எஞ்சிய வழி, நெல்லைக் குறைந்த விலைக்குக் கேட்பதே.

அவ்வழி எப்படித் திறந்திருக்கின்றது என்பதைப் பெரும்போக அறுவடைக் காலத்தில் கண்ணாரக் காணலாம். தை, மாசியில் இயந்திரம் வெட்டித் தள்ளிய ஈரநெல் வீதியோரத்தில் படங்கின்மேல் பரந்து கிடக்க, வானம் கறுக்கும்போதெல்லாம் வீட்டார் ஓடிவந்து குவித்து மூடுகின்றனர்; உரத்துக்கும் எண்ணெய்க்குமாக அடைவு வைத்த நகையின் தவணையோ நெருங்குகின்றது. அந்நேரத்தில் வியாபாரி சொல்லும் விலைக்கு மறுவிலை சொல்லும் பலம் அவர்களுக்கு இல்லை. இதனினும் மறைவான வழி ஒன்றுண்டு: நெல்லை இன்று ஏற்றிக்கொண்டு, காசை இரண்டு கிழமை கழித்துத் தருவது. மேற்கூறிய 10 இலட்சத்தில் அப்பதினான்கு நாளும் ஆலைக்காரருக்கு மிச்சமாவது 11,507 ரூபா. அவ்வளவும் விவசாயி அவருக்கு வட்டியின்றிக் கொடுத்த கடன். அதே நாட்களில் அடைவுநகைக்கு விவசாயி வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். ஆலைக்காரரைக் கொடியவரென்று நான் கூறவில்லை. அவருடைய வங்கிக்கூற்றில் மாதமுடிவில் விழும் வட்டிப்பற்று எல்லையைத் தாண்டச்செய்தால், அவர் எழுதிய காசோலை திரும்பும். ஒருமுறை திரும்பினால் வாவிக்கரை வியாபார உலகில் அவர் சொல்லுக்கு மதிப்பில்லை.

இங்கே தக்கதோர் ஆட்சேபம் எழும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாயிருக்க, 30 சதவீத வட்டி மெய்யளவில் கடனாளிக்கு இலாபமன்றோ என்பது அது. பொருளை முன்பே வாங்கி வைத்திருந்தவருக்கு அது உண்மையே. ஆனால் அப்பணவீக்கம் 2023 யூலையில் 6.3 ஆகவும் செப்டெம்பரில் 1.3 ஆகவும் இறங்கியது. வட்டியோ அவ்வேகத்தில் இறங்கவில்லை. பணவீக்கம் கரைத்துவிடும் என்று நம்பிப் புதுப்பிக்கப்பட்ட நிலுவை, ஓராண்டுக்குள்ளேயே மெய்யான, கடுமையான கடனாயிற்று.

2023 ஓகஸ்ட் மாதம் மத்திய வங்கி உச்சவரம்பு விதித்தது: அடைவுக்கு 18, முன்கூட்டி ஒழுங்குசெய்த தற்காலிக மேலதிகப்பற்றுக்கு 23, கடனட்டைக்கு 28 சதவீதம். அது வரவேற்கத்தக்கதே. எனினும் அவ்வாண்டின் பெரும்போக நெல் அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே படுவான்கரையிலிருந்து ஏற்றப்பட்டுவிட்டது. வட்டியை மாதக் கணக்கில் ஆராயும் வங்கிகள், வாவிக்கரையில் மட்டுமேனும் போகக் கணக்கில் ஆராய்ந்து, தை பிறக்குமுன் ஆலைக்காரரின் எல்லையையும் வீதத்தையும் அறுவடை முடியும்வரை நிலைநிறுத்தி, வாங்கிய நெல்லுக்கு உடன் காசு கொடுப்பதை அதற்கு நிபந்தனையாக்குமாயின், படங்கின்மேல் நெல்லைக் குவித்து நிற்பவருக்கு விலைபேச இரண்டு நாளாவது கிடைக்கும்.