பத்தாயத்தில் அடைபட்ட இளவரசர்: திரையும் ஏடும்

ஒரு நாட்டு மக்கள் தம் வரலாற்றை நூல்களில் கற்பதினும் நாடகங்களில் கண்டு உணர்வதே மிகுதி. கொரிய நாட்டுத் தொலைக்காட்சியில் வரலாற்றுத் தொடர்களுக்குள்ள செல்வாக்கு இதற்குச் சான்றாகும். எம்.பி.சி. நிறுவனம் 2007 செப்டம்பர் முதல் 2008 ஜூன் வரை ஒளிபரப்பிய ‘யி சான்’ என்னும் தொடர் 77 பகுதிகளைக் கொண்டது. சோசோன் அரசமரபின் 22ஆம் மன்னரான ஜோங்ஜோவின் வாழ்க்கையே அதன் பொருள். யி சான் என்பது அவருடைய இயற்பெயர்.

தொடரின் தொடக்கப் பகுதியிலேயே நோக்கரின் நெஞ்சைப் பிசையும் காட்சி ஒன்று அமைந்துள்ளது. அரண்மனையில் ஒரு மரப்பத்தாயம். அதனுள்ளே பட்டத்து இளவரசர் சாதோ. அடைக்க ஆணையிட்டவர் அவரைப் பெற்ற தந்தையாகிய மன்னர் யோங்ஜோ. காவலை ஏய்த்து இருளில் பதுங்கி வரும் சிறுவன் சான், பலகைக்கு அப்பாலிருக்கும் தந்தையோடு பேசுகின்றான். இதனைக் காணும் எவரும் முதலில் மன்னரைச் சினப்பர். அடுத்துச் சிறுவனுக்காகக் கண்ணீர் சிந்துவர். அதன்பின், ‘இப்படியும் நடந்திருக்குமா?’ என்று வினவுவர். முதலிரண்டும் நாடகம் விளைவிப்பவை. மூன்றாவது வினா வரலாற்றின் வாயிலைத் தட்டுவது.

1762ஆம் ஆண்டுக் கோடை

நடந்தது என்பதே அவ்வினாவுக்கு விடை. 1762 ஜூலை 4ஆம் நாள் சாதோ பத்தாயத்தில் அடைக்கப்பட்டார்; எட்டாம் நாளில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 27. பதினொன்றாம் வயதினனாகக் கணக்கிடப்பட்ட மகன், தந்தையை விட்டுவிடுமாறு பாட்டனாரிடம் மன்றாடியதும் உண்மையே. ஆயின், இருளில் வந்து பேசிய காட்சி கற்பனை. அன்றே இளவரசரின் மனைவியும் மகனும் அவளது பிறந்தகத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டனர். தந்தையின் குரலைக் கேட்கும் பேறுகூட அச்சிறுவனுக்கு வாய்க்கவில்லை. இவ்விடத்தில் உண்மை, கற்பனையினும் கொடிதாக இருத்தல் காணலாம்.

யோங்ஜோ கொடுங்கோலர் அல்லர். 1724 முதல் 1776 வரை ஆண்ட அவர் எளிமையைப் போற்றியவர். படைப்பணிக்கு ஈடாக மக்கள் செலுத்திவந்த துணிவரியை 1750இல் பாதியாகக் குறைத்தவர். முதல் மகனை 1728இல் இழந்து, நாற்பது வயதைக் கடந்தபின் பெற்ற மகனே சாதோ. ஓராண்டு நிறைந்த அளவிலேயே குழந்தைக்குப் பட்டத்து இளவரசர் தகுதி வழங்கப்பட்டது. எல்லையற்ற எதிர்பார்ப்பு எல்லையற்ற ஏமாற்றமாக மாறியது. மகனிடம் ஒரு வினாக் கேட்டு, அவன் விடை சொன்னவுடன், கேட்ட செவிகளை மன்னர் கழுவிக்கொள்வாராம். அந்த நீர் மகனின் உள்ளத்தில் என்ன செய்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இளவரசர் நோயுற்றார். இடியோசைக்கு நடுங்கினார். ஓர் உடையை அணிவதற்குள் பல உடைகளை எரிக்கவேண்டிய நிலை வந்தது. உடுத்திவிட முயன்றோர் அடிபட்டனர். 1757இல் அரண்மனை அலி ஒருவரைக் கொன்று அத்தலையைப் பெண்டிருக்குக் காட்டினார். தொடர்ந்து பணியாளர் பலர் அவர் கையால் மாண்டனர். இறுதியில், பேரனையாவது காக்க வேண்டுமென்று மன்னரிடம் முறையிட்டவர் சாதோவை ஈன்ற தாயேயாவார்.

பத்தாயம் ஏன் என்பதற்கும் காரணம் உண்டு. அரசகுலத்தான் உடலைச் சிதைத்தல் மரபன்று. குற்றவாளியென முறைப்படி தீர்ப்பளித்துக் கொன்றாலோ, அக்குற்றம் மனைவியையும் மகனையும் பற்றும். பேரன் அரியணை ஏற இயலாது. ஆகவே வாளும் நஞ்சும் இன்றி, தீர்ப்பும் இன்றி, ஓர் உயிர் தானே அடங்குமாறு விடப்பட்டது. பின்னர்த் தந்தையே மகனுக்குச் ‘சாதோ’ என்று பெயர் சூட்டினார். துயரத்தோடு நினைத்தல் என்பது அதன் பொருள். நாம் இன்று வழங்கும் பெயரே கொன்றவர் இட்ட இரங்கற்பெயர் என்பது எண்ணத்தக்கது.

கழுவப்பட்ட ஏடுகள்

சோசோன் அரசு எழுத்தின் அரசு. மன்னர் பேசுவதையும் செய்வதையும் நாள்தோறும் எழுதிவைத்த நாடு அது. அத்தகைய நாட்டில் இந்நிகழ்ச்சி பற்றிய அரசேடுகள் ஏறத்தாழ ஊமையாக இருக்கின்றன. யோங்ஜோ ஆட்சியின் வரலாற்றேடு, இளவரசரைக் கடுங்காவலில் அடைத்ததாக மட்டும் சுருங்கச் சொல்லிச் செல்கிறது. அரசச் செயலகத்தின் நாட்குறிப்பில் விரிவாக இருந்த பக்கங்கள் 1776இல் அழிக்கப்பட்டன. அவ்வாறு அழிக்க வேண்டுமென்று பாட்டனாரிடம் விண்ணப்பித்தவர் வேறெவரும் அல்லர். அரியணை ஏறவிருந்த யி சானேதான்.

தந்தையின் இழிவு ஏட்டில் நிலைத்துவிடக் கூடாது என்பது மகனின் அன்பு. எழுதியவை ஓடைநீரில் கழுவப்பட்டு மை கரைந்தோடியது. ஆனால், அந்த அன்பே பிற்காலத்தார்க்குப் பெரும் வெற்றிடம் ஒன்றை விட்டுச்சென்றது.

அதே ஆண்டில் அரியணை ஏறிய ஜோங்ஜோ, தாம் சாதோ இளவரசரின் மகன் என்று அவையறிய அறிவித்தார். சட்டப்படி அவர் அன்று சாதோவின் மகன் அல்லர். அரசுரிமைக்காக, இளமையிலேயே இறந்த பெரியப்பாவின் மகனாக மாற்றப்பட்டிருந்தார். 1789இல் தந்தையின் கல்லறையைச் சுவோன் பகுதிக்கு மாற்றினார். 1794 முதல் 1796 வரை அங்கே ஹ்வாசோங் கோட்டையை எழுப்பினார். 1795இல் தாயை அழைத்துக்கொண்டு பெரும் ஊர்வலமாகச் சென்று, அவ்வன்னையின் அறுபதாண்டு நிறைவை அங்கே கொண்டாடினார். சாதோவும் 1735இல் பிறந்தவரே. உயிரோடிருந்திருப்பின் அவருக்கும் அது மணிவிழா ஆண்டு. சொல்லால் எழுத இயலாததை மகன் கல்லால் எழுதினார் எனலாம்.

ஒரு மூதாட்டியின் எழுத்து

கழுவப்பட்டதை மீண்டும் எழுதியவர் சாதோவின் மனைவி ஹெக்யோங் அம்மையார். 1795, 1801, 1802, 1805 ஆகிய ஆண்டுகளில் நான்கு பகுதிகளாகத் தம் வாழ்க்கைக் குறிப்புகளை வரைந்தார். ஆடவர் ஏடுகள் சீன எழுத்தில் அமைந்த காலத்தில், இவர் ஹங்குல் எழுத்தில், பெண்டிர் எழுதும் கொரிய உரைநடையில் எழுதினார். இளவரசரின் சாவை முழுமையாகக் கூறுவது இறுதிப் பகுதி. அதனை எழுதுகையில் அவர் எழுபதைத் தொட்ட மூதாட்டி. மகன் ஜோங்ஜோவும் 1800இல் மறைந்துவிட்டார். அரியணையிலிருந்த பேரன் உண்மை அறியாதிருத்தல் தகாது என்பதே அவரை எழுதத் தூண்டியது. செவி கழுவிய செய்தியும் உடையச்சமும் அவர் எழுத்தினாலேயே இன்று நமக்குத் தெரிகின்றன.

அவ்வெழுத்தில் மறக்கவொண்ணாத இடம் ஒன்று உண்டு. கணவர் அடைபட்ட இறுதி நாள்களில் பிற்பகலில் பெருமழை பொழிந்து இடி இடித்தது. இடிக்கு அஞ்சும் கணவர் அந்த இருளில் என்ன பாடுபட்டிருப்பார் என்று அவர் எண்ணினாராம். உவமை இல்லை, ஒப்பாரி இல்லை. எந்தத் திரைக்காட்சியும் இந்நினைவுக்கு ஈடாகாது.

இந்நூலை ஐயமின்றி ஏற்றல் ஆகாது என்பாரும் உளர். அவர்கள் கூற்றிலும் நியாயம் உண்டு. அம்மையாரின் பிறந்தகம் அரசியலில் ஊறியது. 1776இல் அவருடைய சிற்றப்பாவும் 1801இல் தம்பியும் மரண தண்டனைக்கு உள்ளாயினர். குடும்பப் பழியைத் துடைப்பதும் அவர் நோக்கங்களுள் ஒன்று. கட்சிப் பூசலே இளவரசரைப் பலிகொண்டது என்னும் கருத்தும் கொரியாவில் வலுவாக உண்டு. தொடர்கள் பலவும் அப்பக்கம் சாய்வன. ஆயினும், சாதோ தம் மாமனாருக்கு எழுதிய கடிதங்கள் 2007இல் வெளிச்சத்துக்கு வந்தபோது, அவற்றில் இளவரசரே தம் மனநோயைக் குறிப்பிட்டு மருந்து வேண்டியிருத்தல் தெரியவந்தது. மூதாட்டியின் சொல்லுக்குக் கணவரின் கைச்சாத்து ஒருவகையில் கிடைத்துவிட்டது.

கண்ணீர் யாருக்கு?

நாடகத்துக்குப் பகைவன் ஒருவன் வேண்டும். சதிகாரர் கூட்டம் ஒன்றைக் காட்டிவிட்டால் நோக்கரின் சினத்துக்கு இடம் கிடைத்துவிடும். கண்ணீரும் தடையின்றிப் பெருகும். அதில் தவறில்லை. 1762இன் வினாவை இத்தனை வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தது திரையே. ஆனால், அம்மையாரின் ஏடு கேட்பது அதனினும் அரிய கண்ணீர். நோய்க்கு ஆட்பட்ட கணவரைக் குற்றமற்றவர் என்று அவர் மறைக்கவில்லை. மன்னரை அரக்கராகவும் தீட்டவில்லை. இருவரும் விலகமுடியாத ஓரிடத்துக்கு வந்து சேர்ந்தனர் என்பதே அவர் துணிபு. கணவரால் கொல்லப்பட்ட பணியாளரையும் அவர் எழுத்து மறக்கவில்லை. அவர்களுக்காகத் திரையில் அழுவார் குறைவு.

ஒரே துயரத்தை மூவர் மூன்று வகையில் சுமந்தனர். தந்தை அதற்குப் பெயரிட்டார், மகன் அதனைக் கழுவினார், மனைவி எழுதினார். பெயர் நிலைத்தது. கழுவியது வெற்றிடமாயிற்று. எழுதியதே அவ்வெற்றிடத்தில் நின்று, இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் பத்தாயத்தின் மூடியைச் சிறிதே திறந்து காட்டுகிறது. யார் பக்கம் நின்று பாடுவது என்று தேரவேண்டிய கவிஞர்க்கு, எவர் பக்கத்தையும் முற்றக் கைவிடாமல் எழுதிய அந்த எழுபது வயதுக் கை ஒரு நல்லாசான்.