புழுதிக் காலோடு வந்தவர்கள் கட்டிய ஊர்



இங்கிலாந்தில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவி ஒருத்தி, ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் படங்கள் அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு வரி: "சார், இதுவும் நம்ம திருப்பூர் மாதிரி சந்தையால வளர்ந்த ஊராம்." அந்த ஒரு வரி என்னை நாலு நாள் தூங்கவிடவில்லை. பழைய புத்தகங்களை எல்லாம் எடுத்துப் புரட்டிவிட்டேன். பதிவு கொஞ்சம் நீளம்தான். மணி அடிக்கும்வரை உட்காருங்கள், கண்ணுகளா.

முதலில் ஸ்ட்ராட்ஃபோர்டு. ஏவன் என்ற ஆற்றை ரோமானியர் காலச் சாலை ஒன்று கடக்கும் துறை அது. ஊரின் பெயருக்கே 'சாலைத்துறை' என்றுதான் பொருள். 1196-ஆம் ஆண்டு அந்த இடத்துக்குச் சொந்தக்காரரான வூஸ்டர் பிஷப், முதலாம் ரிச்சர்டு மன்னரிடம் வாரம் ஒருநாள் சந்தை கூட்டும் உரிமையை வாங்கினார். பிறகு நிலத்தை ஒரே அளவு மனைகளாக அளந்து, மனைக்கு வருடம் ஒரு ஷில்லிங் வாடகை என்று வைத்தார். சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தச்சர், கொல்லர், நெசவாளர், தோல் பதனிடுவோர் என்று அறுபது வருடத்துக்குள் சுமார் 240 மனைகள் நிறைந்துவிட்டன. பிற்காலத்தில் அங்கே குடியேறிக் கையுறை தைத்து விற்றவர்களில் ஒருவர்தான் ஷேக்ஸ்பியரின் அப்பா.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சந்தைகளுக்கு அரசர்கள் உரிமை கொடுத்திருக்கிறார்கள். ஒரு சந்தைக்குப் பக்கத்தில் இன்னொன்று வந்தால் சண்டை வரும் அல்லவா? அதற்கு 13-ஆம் நூற்றாண்டின் பிராக்டன் சட்ட நூல் ஒரு கணக்குச் சொல்கிறது. மனிதன் ஒரு நாளில் நடக்கக்கூடிய தூரம் 20 மைல். அதை மூன்றாகப் பங்கு போடு. ஒரு பங்கு நேரம் போக, ஒரு பங்கு நேரம் வாங்க விற்க, ஒரு பங்கு நேரம் இருட்டுவதற்குள் வீடு திரும்ப. ஆகவே 6⅔ மைல், ஏறத்தாழ 11 கிலோமீட்டருக்குள் புதுச் சந்தை வந்தால் அது பழைய சந்தைக்குக் கெடுதல்.

நம் ஊரில் இதை யாரும் சட்டமாக எழுதவில்லை. ஆனாலும் கணக்கு இருக்கிறது. திங்கட்கிழமை அமராவதிபாளையம், செவ்வாய் பொள்ளாச்சி, வியாழன் ஈரோடு கருங்கல்பாளையம் என்று மாட்டுச் சந்தைகள் நாளைப் பிரித்துக்கொண்டன. ஒரே வியாபாரி எல்லாச் சந்தைக்கும் போகலாம். மாட்டை வாங்கிக் கட்டித் தீனி போட்டுச் சும்மா நிற்க வேண்டியதில்லை.

வழி இருந்தது, நாள் இருந்தது. இவை இரண்டும் போதுமா என்றால், போதாது. மூன்றாவதாக ஒன்று வேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

சந்தைக்கு வருகிறவன் வெளியூர்க்காரன். அவனுக்கு அங்கே சொந்தமில்லை, சாதிசனமில்லை, சாட்சி சொல்ல ஆளில்லை. எடையில் ஏமாற்றினால் யாரிடம் போவான்? இங்கிலாந்துச் சந்தைகளில் இதற்கென்றே ஒரு சின்ன நீதிமன்றம் இருந்தது. பிரெஞ்சு மொழியில் அதற்கு வைத்த பெயரின் பொருள் 'புழுதிக் கால்கள்'. நடந்து வந்த புழுதி காலில் ஒட்டியிருக்கும்போதே வழக்கை முடித்துவிட வேண்டும். வியாபாரிகளே உட்கார்ந்து, அன்றைக்கே அல்லது மறுநாளே தீர்ப்புச் சொல்வார்கள். ஏனென்றால் அவன் அடுத்த சந்தைக்குப் போக வேண்டும். அவன் மனம் நொந்து போனால் அடுத்த வாரம் வரமாட்டான். அவன் வராவிட்டால் சந்தையும் இல்லை, ஊரும் இல்லை.

இனி நம் கொங்கு நாட்டுக்கு வருவோம்.

நொய்யல் கரையில் கொடுமணல் என்ற ஊர் உங்களில் பலருக்குத் தெரியும். பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று பாடிய ஊர். 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், மணிகள் செய்த பட்டறைகளும், ஆட்களின் பெயர் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. பச்சைக் கல்லைப் பக்கத்துப் படியூரில் தோண்டினார்கள். ரோமானியக் காசுகள் கோவை வெள்ளலூரில் குவியலாகவே கிடைத்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடலுக்குப் போன பாதை அது. பின்னாளில் சோழ அரசன் தன் பட்டப்பெயரால் 'ராசகேசரிப் பெருவழி' என்று பெயர் வைத்த பாதையின் கல்வெட்டு, கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர் பக்கம் இருக்கிறது.

வழி நல்ல வழி. ஆனால் பயமான வழி. திருப்பூரிலிருந்து அவிநாசி போகையில் திருமுருகன்பூண்டி வருமே, அந்தக் கோயில் கதை நினைவிருக்கிறதா? சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னும் பொருளுமாகச் சுந்தரர் வரும்போது, சிவபெருமானே பூதகணங்களை வேடர்களாக அனுப்பிப் பறித்துக்கொண்டார் என்பது புராணம். பக்தியை ஒரு பக்கம் வையுங்கள். இந்த வழியில் பொருளோடு போனால் பறிபோகும் என்பது அந்தக் காலத்தில் கேட்ட எல்லாருக்கும் புரிந்த செய்தியாக இருந்தால்தானே இப்படி ஒரு கதை நிற்கும்?

அதனால்தான் இடைக்கால வணிகர்கள் கூட்டமாகப் போனார்கள். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு தமிழகம் முழுக்க இருந்தது. சுமத்ராவின் பாருஸில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டை வைத்தவர்களும் அவர்கள்தான். அவர்களோடு ஆயுதம் தாங்கிய காவல் வீரர்கள் போனார்கள். வணிகரைக் காத்த வீரர்களைச் சிறப்பித்து ஊருக்கே 'எறிவீரபட்டினம்' என்று பெயர் வைத்த கல்வெட்டுகள் உண்டு. சிவகங்கை மாவட்டம் பிரான்மலையில் உள்ள 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில், பருத்தி, நூல், புடவை, மிளகு என்று எந்தப் பொதிக்கு எவ்வளவு கோயிலுக்குத் தர வேண்டும் என்று அவர்களே முடிவு செய்து வெட்டி வைத்தார்கள். கணக்கு கல்லில் இருந்தால் யாரும் கூடக் குறையச் சொல்ல முடியாது. காசுக்கும் நேர்மைக்கும் நம் தமிழில் 'நாணயம்' என்று ஒரே சொல் இருப்பது சும்மா இல்லை.

திருப்பூர் இவ்வளவு பழைய கதையில் பெரிய ஊர் அல்ல. பல்லடம் தாலுகாவில் ஒரு சின்ன ஊர். 1862-இல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை பேப்பூர் வரை ரயில் பாதை முழுமையானது. அது இந்த வழியாகப் போனது. பல்லடம், தாராபுரம் கரிசல் காட்டுப் பருத்தி வண்டி வண்டியாக இங்கே வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி வந்தபின் வரத்து இன்னும் கூடியது. மண்டி, ஜின்னிங் ஆலை என்று ஊர் விரிந்து, 1917-இல் நகராட்சி ஆனது.

என் அப்பாரு பருத்தி வண்டி ஓட்டியவர். அவர் சொல்லுவார்: "துண்டுக்கடியில விரலைப் பிடிச்சு வெலை பேசுவாங்க சாமி. யாருக்கு என்ன வெலைன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. தரகு, சாக்கு, மகமைன்னு கழிச்சுக் கழிச்சுக் கையில குடுக்கறதுதான் கணக்கு." ராத்திரி வண்டி கட்டிக்கொண்டு வந்த விவசாயிக்குப் பருத்தியைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போகவும் மனம் வராது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவார்.

இதை மாற்றத்தான் 1933-இல் சென்னை மாகாண வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. அதன்படி மாகாணத்தில் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் எங்கே வந்தது தெரியுமா? 1936-இல், நம் திருப்பூரில், பருத்திக்காக! எடை சரியாக இருக்க வேண்டும், விலை வெளிச்சத்தில் சொல்லப்பட வேண்டும், குழுவில் விவசாயிகளுக்கும் இடம் வேண்டும். பின்னலாடை நகரம் என்று பெருமைப்படுகிறோம். இந்தப் பெருமை அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. புழுதிக் கால் நீதிமன்றத்தின் தம்பி அது.

1925-இல் குலாம் காதர் கல்கத்தாவிலிருந்து பின்னல் இயந்திரம் கொண்டுவந்ததும், பனியன் தொழில் வளர்ந்ததும், எழுபதுகளின் கடைசியில் ஏற்றுமதி தொடங்கியதும் உங்களுக்கே தெரியும். உங்களில் பாதிப் பேர் அதில்தான் இருக்கிறீர்கள். 2008-இல் மாநகராட்சி, 2009-இல் மாவட்டத் தலைநகர்.

ஆனால் நாணயம் தவறியதும் நடந்தது. ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. சாயத் தண்ணீர் சேர்ந்ததால், கீழே இருந்த விவசாயிகளே அந்தத் தண்ணீர் வேண்டாம் என்றார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே நின்றது. ஆற்றில் கீழே இருப்பவனும் நம்மோடு கணக்கு உள்ளவன் என்பதை மறந்தோம்.

இன்னொன்று. 2023 மார்ச்சில் பொய்யான வீடியோக்கள் பரவி, வடமாநிலத் தொழிலாளர்கள் பலர் பயந்து ரயில் ஏறினார்கள். அந்த நாட்களில் ஒருநாள் நான் திருப்பூர் ஸ்டேஷனில் நின்றேன். பையைத் தலைக்கு வைத்துத் தரையில் படுத்திருந்த ஒரு பையனுக்கு வயது இருபது இருக்காது. காலில் செருப்பு இல்லை. பாதம் முழுக்கப் புழுதி. அவனுக்குத் தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கிக் கொடுத்ததைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை. அவன் பெயரைக்கூடக் கேட்கவில்லை. முப்பது வருடம் வகுப்பில் பெயர் கூப்பிட்டு வருகைப்பதிவு எடுத்தவன் நான். அது இன்னும் உறுத்துகிறது.

கண்ணுகளா, உங்களில் கம்பெனி வைத்திருப்பவர்கள், மேஸ்திரிகள், லைன் வீடு வாடகைக்கு விடுபவர்கள் எல்லாரும் இருக்கிறீர்கள். சனிக்கிழமை சம்பளக் கணக்கைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். கழிப்பதைச் சொல்லிக் கழியுங்கள். துண்டுக்கடியில் விரல் பிடிக்காதீர்கள். நம் அப்பாருகளும் ஒரு காலத்தில் புழுதிக் காலோடு இந்த ஊருக்கு வந்தவர்கள்தான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்தச் சந்தைக்கு, எந்தக் கிழமை போவார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்