காதுத் தோட்டை மட்டும் வைத்துக்கொண்ட தாய்



வரலாற்றில் வாழ்ந்த ஒரு பெண்ணைப் பற்றி மலருக்கு எழுதித் தாங்க என்று கூட்டமைப்பில் கேட்டார்கள். வேலு நாச்சியார், முத்துலட்சுமி ரெட்டி என்று பெரிய பேரெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் பத்தாவது வரைக்கும் படித்து, வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு இருப்பவள். அதனால் என்னை மாதிரியே வீட்டைப் பார்த்துக்கொண்டு இருந்த ஒரு அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். அவர் மேடை ஏறிப் பேசியவர் இல்லை, பதவியில் இருந்தவரும் இல்லை. காமராசர் ஐயாவைப் பெற்ற சிவகாமி அம்மாள்தான் அவர்.

காமராசர் 1903-ஆம் வருசம் சூலை 15-ஆம் தேதி பிறந்தார். ஊர் விருதுநகர், அப்போது விருதுபட்டி என்று சொல்வார்கள். அப்பா குமாரசாமி தேங்காய் வியாபாரம் பார்த்தவர். குலதெய்வம் காமாட்சி அம்மன் என்பதால் பிள்ளைக்கு முதலில் காமாட்சி என்றுதான் பேர் வைத்தார்கள். அம்மாவோ ‘ராசா, ராசா’ என்றுதான் கூப்பிடுவார். இரண்டும் சேர்ந்துதான் காமராசா ஆனது என்று சொல்வார்கள். நாடே சொன்ன பேரில் பாதி, ஒரு தாய் வாய் நிறையக் கூப்பிட்ட பேர். அடுத்து நாகம்மாள் என்று ஒரு பெண் பிள்ளை பிறந்தது.

பையனுக்கு ஆறு வயசு இருக்கும்போது குமாரசாமி இறந்துவிட்டார். கையில் இரண்டு சின்னப் பிள்ளைகள். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் இல்லை. இன்றைக்கு மாதிரி விதவை உதவித்தொகை இல்லை, ரேஷன் அரிசி இல்லை, சங்கம் இல்லை, பெண் பேரில் வங்கிக் கணக்கும் இல்லை.

அப்போது சிவகாமி அம்மாள் செய்த காரியத்தை நம்ம சங்கத்துப் பெண்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். காதில் கிடந்த தோட்டை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நகையை எல்லாம் விற்றுவிட்டார். விற்ற பணத்தை வீட்டில் வைத்துச் செலவு பண்ணவில்லை. உள்ளூர் வியாபாரி ஒருவரிடம் முதலாகக் கொடுத்துவைத்தார். அதில் மாசாமாசம் வந்த வட்டியை வைத்துக்கொண்டு முழுக் குடும்பத்தையும் நடத்தினார்.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்க. புருசனைப் பறிகொடுத்த துக்கத்தில் இருக்கிற ஒரு இளம் பெண். நகையைத் தொடக் கூடாது, அதுதான் பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று நமக்கெல்லாம் சொல்லித்தான் வளர்க்கிறார்கள். நகை பெட்டியில் தூங்கினால் சோறு போடாது என்று அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்கிறது. அதே சமயம் முதலைக் கரைத்தால் நாளைக்குப் பிள்ளைகள் தெருவில் நிற்கும் என்றும் புரிந்திருக்கிறது. முதலைத் தொடாதே, வருமானத்துக்குள் குடும்பத்தை நடத்து என்று நமக்குப் பயிற்சியில் சொல்லித் தருகிறார்களே, அதை நூறு வருசத்துக்கு முன்னாடி யாரும் பயிற்சி கொடுக்காமல் ஒரு தாய் செய்து காட்டிவிட்டார். பெண்களுக்கு என்ன கணக்கு தெரியும் என்று யாராவது கேட்டால் இனி இதைச் சொல்லுங்க.

ஒரு வித்தியாசம் உண்டு. அவர் ஒரு வியாபாரியின் நாணயத்தை நம்பித்தான் பணத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த மனுசர் கையை விரித்திருந்தால் கேட்பதற்கு நாதி இல்லை. இன்றைக்கு நம்ம பணத்துக்குப் பாஸ்புத்தகம் இருக்கிறது, தீர்மான நோட்டு இருக்கிறது, கூடக் கேட்பதற்குப் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். சங்கத்தின் அருமை எனக்கு இந்த இடத்தில்தான் நன்றாகத் தெரிகிறது.

அந்த வீட்டில் இன்னொரு பெண்ணும் இருந்தார். பாட்டி பார்வதி அம்மாள். அம்மா வரவு செலவைப் பார்க்க, பேரனுக்குச் செல்லம் கொடுத்து வளர்த்தது பாட்டி. காமராசர் படித்தது சத்திரிய வித்யாசாலையில். அது ஊர்க்காரர்கள் கொடுத்த பிடி அரிசியில் நடந்த பள்ளிக்கூடம். சோறு பொங்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். வீடு வீடாக அதைச் சேர்த்துத்தான் பள்ளிக்கூடச் செலவு நடந்தது. உலை வைக்கிறது யாரு? பெண்கள்தானே! அந்த ஒரு பிடியில் ஒரு ஊரே பிள்ளைகளைப் படிக்க வைத்தது. நம்ம வாரச் சந்தாவுக்கு அதுதான் பாட்டி முறை.

காமராசர் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டார். தாய்மாமன் ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்த்தார்கள். பையனுக்குக் கடையில் மனசு நிற்கவில்லை, கூட்டம் ஊர்வலம் என்று போனான். இப்படியே விட்டால் கெட்டுவிடுவான் என்று திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமனின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். அங்கேயும் வைக்கம் போராட்டத்துக்குப் போய்விட்டான். கல்யாணம் முடித்து வைத்தால் சரியாகிவிடும் என்று எல்லாத் தாயும் நினைக்கிற மாதிரிதான் சிவகாமி அம்மாளும் நினைத்தார். கல்யாணமே வேண்டாம் என்று மகன் சொல்லிவிட்டார்.

1930-இல் உப்புச் சத்தியாகிரகத்துக்காக வேதாரண்யம் போனவரைப் பிடித்து, பல்லாரி பக்கம் அலிப்புரம் சிறையில் போட்டார்கள். அந்தச் சமயத்தில் பாட்டி பார்வதி அம்மாள் உடம்பு முடியாமல் படுத்துவிட்டார். பேரனைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பரோலில் வரச் சொல்லிக் கேட்டும் பேரன் மறுத்துவிட்டார். 1931-இல் காந்தி-இர்வின் ஒப்பந்தம் ஆன பிறகுதான் விடுதலை. பேரனின் உறுதியை எல்லாப் புத்தகமும் புகழ்கிறது. புகழட்டும். ஆனால் கட்டிலில் படுத்துக்கொண்டு வாசலையே பார்த்த அந்தக் கிழவியின் மனசையும் நாம் நினைக்க வேண்டும். 1942-இலும் விருதுநகருக்கு வந்துதான் போலீசாரிடம் தன்னை ஒப்படைத்தார். அடுத்த மூணு வருசம் அமராவதி சிறை. எல்லாம் சேர்த்தால் எட்டு வருசத்துக்கு மேல் மகன் சிறையில் கிடந்தார். அத்தனை வருசமும் வீட்டில் விளக்கு வைத்துக் காத்திருந்தது தாய்தான்.

1954 ஏப்ரல் 13-ஆம் தேதி மகன் முதலமைச்சர் ஆனார். ஒன்பது வருசம் அந்தப் பதவியில் இருந்தார். தாய் சென்னைக்கு வந்து மகனோடு இருக்கவில்லை, விருதுநகர் வீட்டிலேயே இருந்தார். மாசச் செலவுக்கு 120 ரூபாய் மகனிடமிருந்து வரும் என்பார்கள். முதலமைச்சரின் தாய் வீடு என்று நகராட்சிக்காரர்கள் தனியாகத் தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுத்ததைக் கூட, தெருவுக்கு இல்லாதது இங்கே எதற்கு என்று மகன் எடுக்கச் சொல்லிவிட்டதாக எங்க பக்கம் இன்றைக்கும் சொல்வார்கள். குடம் எடுத்துத் தெருக்குழாய்க்கு நடக்கிற நமக்கு அது லேசான விசயம் இல்லை என்று தெரியும்.

மகன் எளிமை என்கிறோம். அந்த எளிமையில் பாதியைத் தாய்தான் சுமந்தார். பேரப் பிள்ளைகளைக் கொஞ்சும் ஆசை நாகம்மாளின் பிள்ளைகளால் அவருக்கு நிறைவேறியது. மகன் வயிற்றுப் பேரனை அவர் பார்க்கவே இல்லை. ஆனால் 1956-இல் பள்ளிக்கூடங்களில் மதிய உணவு தொடங்கியபோது, பசியோடு உட்கார்ந்திருந்த ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தட்டில் சோறு விழுந்தது. எங்க அம்மா படித்தது அந்தச் சோற்றை நம்பித்தான். அந்தக் கணக்கில் சிவகாமி அம்மாள் எங்க அம்மாவுக்கும் ஒரு பாட்டி என்றுதான் நான் நினைக்கிறேன்.

மகனுக்கு முன்பே தாய் காலமாகிவிட்டார். காமராசர் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி மறைந்தார். விருதுநகரில் அவர்கள் இருந்த வீட்டை அரசாங்கம் நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்க. சின்ன வீடுதான். ஐயாவைப் பற்றிச் சொல்லும்போது, நகையை விற்று அந்த வீட்டைக் காப்பாற்றிய அம்மாவைப் பற்றியும் சேர்த்துச் சொல்லுங்க.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சிவகாமி அம்மாள் கதை நமக்குத் தெரிவது மகன் பெரிய ஆளாக வந்ததால்தான். நம்ம ஊரிலும் தோட்டை விற்று, தாலிக்கொடியை அடகு வைத்து, அரைவயிறு சாப்பிட்டுப் பிள்ளைகளை ஆளாக்கிய பாட்டிமார் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கை யாரும் எந்த நோட்டிலும் எழுதவில்லை. ஒவ்வொரு சங்கமும் மாசம் ஒரு கூட்டத்தில் ஒரு பெரியம்மாவை உட்கார வைத்து, அவங்க குடும்பத்தைக் கரையேற்றின கதையைக் கேட்டுத் தீர்மான நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைப்போம். அடுத்த மலருக்கு அதிலிருந்தே கட்டுரை கிடைக்கும். எழுதத் தெரியாத அக்காமார் சொல்லுங்க, நான் எழுதித் தருகிறேன்.