இந்து மதம்

ஸ்தாபகர் என்று ஒருவரையோ, சகலரும் ஒப்பவேண்டிய ஒரே நூலையோ சுட்ட இயலாத இம்மதத்துக்குப் பெயரும் பிறர் இட்டதேயாம். ஸிந்து நதிப் பிரதேசத்து ஜனங்களைப் பாரசீகர் தம் உச்சரிப்பில் ஹிந்து என்றழைக்க, தேசத்தைக் குறித்த அச்சொல் நாளடைவில் சமயத்தையும் குறிப்பதாயிற்று. வேதங்களுள் மிகப் பழமையானதும், 10 மண்டலங்களில் 1,028 சூக்தங்களைக் கொண்டதுமான ரிக் வேதம், அக்கினி, இந்திரன் முதலிய தேவர்களை வேள்வியால் உவப்பித்த வாழ்க்கையைக் காட்டுகிறது; அவ்வேள்வியின் உட்பொருளை விசாரிக்கப் புகுந்த உபநிஷத்துக்களோ, ஆத்மா, பிரம்மம் என்னும் தத்துவங்களையும், வினைக்கேற்பப் பிறவி தொடரும் என்ற கர்மக் கொள்கையையும், அத்தொடரினின்று விடுபடுவதாகிய மோக்ஷத்தையும் முன்வைத்தன. அதே உபநிஷத வாக்கியங்களை ஆதாரமாகக் கொண்டே சங்கரர் அத்வைதத்தையும், ராமானுஜர் விசிஷ்டாத்வைதத்தையும், மத்வர் துவைதத்தையும் நிலைநாட்டினர் என்றால், கருத்து வேற்றுமைக்கு இம்மதம் எவ்வளவு இடங்கொடுத்தது என்பது விளங்கும். ஆசாரத்தில் அத்தகைய தாராளம் இருந்ததில்லை. ஜாதிக் கட்டுப்பாட்டை மீறி ஒடுக்கப்பட்டோர் மதுரை மீனாக்ஷி கோயிலுள் பிரவேசித்தது 1939-இல்தான்.

இன்று பெரும்பான்மையோர் கைக்கொள்வது வேள்வியன்று, பூஜையே. தென்னாட்டுக் கோயில்கள் பலவற்றில் அது ஆகம விதிப்படி நடைபெறுகிறது. பக்தி நெறியைத் தமிழகத்தில் வளர்த்தோராகப் போற்றப்பெறும் 12 ஆழ்வார்களுக்கும் 63 நாயன்மார்களுக்கும் கோயில்களில் திருவுருவங்களும் வழிபாடும் உண்டு.