மூன்று பலகைகள், ஒரே எண்ணெய்

1960களில் இந்தியச் சாலைகளில் பெட்ரோல் விற்ற அந்நியப் பெயர்களில் முதன்மையானவை மூன்று: பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ். பலகையின் நிறம் பார்த்து வண்டியை நிறுத்தியவர்களுக்கு அவை மூன்று போட்டியாளர்கள். அப்பெயர்களின் பிறப்பை நோக்கினால் நமக்கு வேறொரு வரலாறு புலப்படுகிறது.

இந்தியச் சந்தையில் மோதிக்கொள்வதை விடுத்து, 1928இல் பர்மா ஆயிலும் ஷெல் குழுமமும் தம் விநியோகத்தை ஒன்றாக்கின. அக்கூட்டின் பெயரே பர்மா ஷெல். எஸ்ஸோவுக்கு முன்னிருந்த ஸ்டான்வாக், 1933இல் நியூ ஜெர்ஸி ஸ்டாண்டர்டு ஆயிலும் சோகோனி வாக்குவமும் சேர்ந்து அமைத்தது. கால்டெக்ஸ், 1936இல் கலிபோர்னியா ஸ்டாண்டர்டும் டெக்சாகோவும் கூடிப் பெற்ற பிள்ளை. ஏகபோகம் என்று 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உடைத்த ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் துண்டுகளில் சில, ஆசியாவில் இவ்வாறு மீண்டும் ஒட்டிக்கொண்டன.

பங்க் மட்டுமன்று, சுத்திகரிப்பு ஆலைகளும் இவர்கள் கையில்தான் இருந்தன. டிராம்பேயில் 1954இல் ஸ்டான்வாக்கும் 1955இல் பர்மா ஷெல்லும், விசாகப்பட்டினத்தில் 1957இல் கால்டெக்ஸும் ஆலைகளை இயக்கத் தொடங்கின. 1960இல் சோவியத் நாடு மலிவு விலையில் கச்சா எண்ணெய் தர முன்வந்தபோது, அதைச் சுத்திகரிக்க மூவரும் ஒருங்கே மறுத்தனர். சாலையில் மூன்றாக நின்றவர்கள் ஆலை வாசலில் ஒருவராயினர். ஆலை நம் மண்ணில் இருந்தும் அதில் எதைக் காய்ச்சுவது என்பது நம் முடிவாக இல்லை.

அமைச்சர் கே.டி. மாளவியா போன்றோர் அரசுத்துறை எண்ணெய்த் தொழிலை வலியுறுத்தியதன் பொருள் இங்கே விளங்கும். 1959இல் தொடங்கிய அரசின் இந்தியன் ஆயில் கம்பெனி, மறு ஆண்டே சோவியத் நாட்டிலிருந்து சுத்திகரித்த எண்ணெயையே தருவித்தது. 1962இல் குவாஹாட்டியில் முதல் அரசுத்துறை ஆலை எழுந்தது. 1974இல் எஸ்ஸோவும் 1976இல் மற்ற இரண்டும் அரசுடைமையாயின. ஹிந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் என்ற புதுப் பலகைகள் ஏறின.

பகிர்தல் அத்துடன் நின்றுவிடவில்லை. இன்றும் அரசு நிறுவனங்கள் அருகிலுள்ள ஆலையிலிருந்து ஒன்றுக்கொன்று சரக்கு மாற்றிக்கொள்கின்றன. போக்குவரத்துச் செலவு மிச்சம். பெரும்பாலான பங்க்குகளை நடத்துவோர் தனி முகவர்களே. ஆகவே பகிர்வதில் குற்றமில்லை. பங்கீட்டை முடிவு செய்பவர் யார் என்பதே கேள்வி.

ஸ்டான்வாக்கின் பெற்றோர் 1999இல் எக்ஸான் மொபில் ஆயினர். கால்டெக்ஸின் பெற்றோர் 2001இல் செவ்ரான் டெக்சாகோ ஆயினர். பிள்ளைகளை நம்மிடம் விட்டுச் சென்று கால் நூற்றாண்டு கழிந்தபின் நடந்த திருமணங்கள் அவை.