ஏறினானா, ஏற்றினார்களா?

பள்ளியில் எனக்கு எல்லாமே பிரெஞ்சு. புதுவை அரசுப் பணியில் சேர்ந்த பிறகு கோப்பெல்லாம் ஆங்கிலம். ஒருமுறை, விசாரணையைத் தொடங்கிவிட்டோம் என்பதற்கு 'எம்பார்க்' என்று குறிப்பெழுதி, பிரெஞ்சுப் பழக்கத்தில் பின்னால் 'இன்' போட்டுவிட்டேன். சூப்பிரண்டு சிவப்பு மையால் அடித்து 'ஆன்' ஆக்கினார். காரியத்தில் இறங்கினால் 'ஆன்', கப்பலேறி ஓர் ஊருக்குப் போனால் 'ஃபார்' என்று பாடமும் நடத்தினார்.

திருத்து வாங்கினாலும் அது எங்கள் வீட்டுச் சொல்தான். பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. பிரெஞ்சில் 'பார்க்' என்றால் படகு. 'ஆம்பார்க்கே' என்றால் படகில் ஏறுதல். ஏற்றுதலும் அதே சொல்தான். மூட்டையை ஏற்றினாலும் அது, போலீஸ் ஒருவனைப் பிடித்து வண்டியில் போட்டாலும் பேச்சுவழக்கில் அது.

புதுவைக் கடற்கரையில் இந்தச் சொல்லுக்கு நிறைய வேலை இருந்தது. 1848இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்களை அழைத்துப் போனார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1854 டிசம்பரில் குவாதலூப் தீவை அடைந்தது. அந்தத் தீவுக்கு மட்டும் 1889க்குள் இந்தியாவிலிருந்து போனவர்கள் சுமார் 42,000 பேர். ரெயூனியோன், மர்த்தினிக் கணக்கு தனி.

கப்பல் நம் கரைக்கு வந்து நிற்காது; தள்ளித்தான் நங்கூரம் போடும். சலங்குப் படகில் அலையைத் தாண்டிக் கொண்டுபோய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். ஆக, சொல்லின் நேர்ப்பொருளே இங்கே நடந்தது.

ஆனால் அவர்கள் ஏறினார்களா, ஏற்றப்பட்டார்களா? ஒப்பந்தத் தாளில் கைநாட்டு இருக்கும். அதில் எழுதியிருந்த பிரெஞ்சு எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்? பஞ்சத்துக்குப் பயந்து தானே போனவனும் உண்டு, தரகன் பேச்சை நம்பி ஏமாந்தவனும் உண்டு. இருவருக்கும் பிரெஞ்சில் ஒரே வினைச்சொல்.

தமிழ் அப்படி மழுப்புவதில்லை. ஏறு என்பது வேறு, ஏற்று என்பது வேறு. எங்கள் ஆயா தன் தாத்தாவின் தம்பியைப் பற்றிச் சொல்லும்போது, "கப்பலேறிப் போனாரு" என்று ஒருநாளும் சொன்னதில்லை. "கப்பல்ல ஏத்திட்டாங்க" என்றுதான் சொல்வார். அதைத் திருத்த எந்தச் சிவப்பு மையும் வேண்டியிருக்கவில்லை.